கேளுங்கள், சொல்கிறோம்: கழட்டிப் போடும் பையன், காசு கேட்கும் பேத்தி

கேள்வி: எம்பட பையனுக்கு 9 வயசுங்க. டார்ச், பொம்மைக் கார்னு கையில் கிடைச்சதை எல்லாம் கழட்டிடறான். திருப்பி மாட்டத் தெரியறதில்லை. பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிஞ்சு வந்தா வீடெல்லாம் ஸ்க்ரூ. அடிக்கவும் மனசு வரலை. என்ன பண்றதுங்க?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கழட்டட்டும், தடுக்காதீர்கள். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையில் இருந்தது என்பது மறந்துபோவதால்தான் மாட்ட வருவதில்லை. கீழே வெள்ளைத் துணி விரித்து, 30 முட்டை அட்டை ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். முதலில் கழட்டியது முதல் குழியில், அடுத்தது அடுத்த குழியில். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வரவேண்டும். ஸ்க்ரூ தலை தேய்ந்து வழுக்குகிறதென்றால் திருப்புளி முனை பொருந்தவில்லை. சின்ன முனைகள் உள்ள செட் வாங்கிக் கொடுங்கள்.

பழைய சுவர்க் கடிகாரத்தில் தொடங்கலாம். செல்லை எடுத்துவிட்டு நொடி முள், நிமிட முள், மணி முள் என்ற வரிசையில் நேராக இழுக்க வேண்டும். பின்னாலுள்ள கறுப்புப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள், செம்புக் கம்பிச் சுருள், வெள்ளி நிறத்தில் குட்டி உருளை ஒன்று இருக்கும். அந்த உருளைக்குள் உள்ள குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை 15 தடவை பாதி பாதியாக்கச் சொல்லுங்கள். 1 வரும். நொடிக்கு ஒரு டிக் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கே பிடிபடும்.

திரும்ப மாட்டும்போது மூன்று முள்ளையும் 12-இல் வைத்து அழுத்த வேண்டும். ஓடாமல் நின்றால், பெரும்பாலும் முட்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. இதை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். "எங்க நிக்குது, பாரு கண்ணு" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள். அன்றைக்கு முடியாவிட்டால் அட்டையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளி வையுங்கள். பெருக்கி அள்ளிவிட்டால் அவன் மறுபடி தொட மாட்டான்.

தொடவே கூடாதவை: பழைய பெட்டி டிவி, மைக்ரோவேவ், ஃபேன் கண்டென்சர், செல்போன் பேட்டரி. முதல் மூன்றிலும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும். பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பட்டன் செல் போட்ட பொம்மையும் வேண்டாம். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும்.

லீவு விட்டதும் கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டிக் கற்றவர் அவர்.

கேள்வி: பேத்திக்கு 5 வயது. நன்றாக வரைவாள். ஒரு படத்துக்கு 10 ரூபாய் தந்தேன். இப்போது காசு கேட்காமல் பென்சிலைத் தொடுவதில்லை.
- ஒரு தாத்தா, கோபிசெட்டிபாளையம்

பதில்: ஆசையாகக் கொடுத்தீர்கள், ஆனால் படம் கூலி வேலையாகிவிட்டது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், வரைவதில் பிரியமுள்ள 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். பரிசு உண்டு என்று முன்பே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பிறகு தாமாக வரைந்த நேரம் மற்றவர்களில் சுமார் பாதிதான். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தக் குறை வரவில்லை.

காசை நிறுத்திவிட்டு, தாளும் கிரேயானும் அவள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். சில வாரம் தொடாமலே இருப்பாள், கேட்காதீர்கள். சாயங்காலம் வாய்க்கால் மேட்டுக்கு நோட்டோடு போய் நீங்களே ஒரு கொக்கை வரையுங்கள், கோணலாக வந்தாலும் சரி. "கால் இப்படியா தாத்தா இருக்கும்?" என்று அவள் பென்சிலைப் பிடுங்கினால் கொடுத்துவிடுங்கள்.