அம்பாசடர் காயிலுக்கு வோல்ட் போகுதா? – கேள்வி பதில்

(காயில் என்பது பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில். 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிளாட்டினம் பாயிண்ட் (காயிலின் கரண்டை மூடித் திறக்கும் சுவிட்ச்), மைனஸ் எர்த் (பேட்டரி மைனஸ் வண்டி பாடியில் சேர்ந்தது) உள்ள 12 வோல்ட் வண்டிகளுக்கான பதில்கள்.)

கேள்வி: சார், பேட்டரியில் 12.4 வோல்ட் இருக்கு. சாவி போட்டால் காயில் பிளஸ்ஸில் 7தான் காட்டுது. காயில் போச்சா?

பதில்: உடனே காயிலை மாத்திடாதீங்க. வயர்களைக் கழற்றி, இரண்டு சின்ன முனைகளுக்கும் நடுவே ஓம் பாருங்க. 1.5 வந்தால் அது பல்லாஸ்ட் ரெசிஸ்டரோடு (வோல்ட்டைக் குறைக்கவே வழியில் வைத்த தடை) ஓடுற காயில். 7 வோல்ட் சரிதான். 3 ஓம் என்றால் அது முழு 12 வோல்ட்டில் ஓட வேண்டிய காயில், வழியிலேயே 5.4 வோல்ட் தொலையுது. 4 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 2.3தான் ஓடும். காயிலில் சேரும் சக்தி ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் பொறியின் பலம் மூன்றில் ஒரு பங்காகிடும்.

வயர்களை மாட்டிட்டு, பாயிண்ட் மூடியிருக்கும்போதே மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸில் வைங்க. கறுப்பு முனையை காயில் பிளஸ், சாவி சுவிட்ச் வெளிவழி, உள்வழி என்று பின்னோக்கி நகர்த்துங்க. அந்த இடம் வரை தொலைஞ்ச வோல்ட்டை மீட்டர் காட்டும். வெளிவழியில் 5.3, உள்வழியில் 0.2 என்றால் சுவிட்ச்தான் குற்றவாளி. பச்சை பூத்த கனெக்டரும் இதே வேலையைச் செய்யும்.

கேள்வி: அண்ணா, எனக்கு முழு 12 வருது, பொறிதான் இல்லை.

பதில்: பாயிண்ட் திறந்திருக்கும்போது அளந்திருப்பீங்க தம்பி. கரண்டே ஓடாதப்போ ஒற்றை இழையில் தொங்குற வயரும் 12 காட்டும். எஞ்சினைக் கையால் சுற்றி பாயிண்ட்டை மூடிட்டு, காயிலில் டிஸ்ட்ரிப்யூட்டருக்கு (பாயிண்ட் இருக்கும் பெட்டி) வயர் போகும் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்க. 0.2 வோல்ட்டுக்குள் இருக்கணும். 1 வோல்ட் என்றால் பாயிண்ட் கருகியிருக்கு, அல்லது உள்ளே தட்டின் எர்த் வயர் இற்றுப்போயிருக்கு. 12 என்றால் பாயிண்ட் வழியாக ஒன்றுமே போகலை. திறந்தாலும் 0 என்றால் இன்சுலேட்டர் வாஷரை மாற்றி மாட்டியிருக்காங்க. பாயிண்ட் மாற்றிய கையோடு அடிக்கடி நடக்குறது. பாயிண்ட் இடைவெளி 0.38 மில்லிமீட்டர், பாயிண்ட்டைத் திறக்கும் கேமின் உச்சியில் வைத்து.

கேள்வி: செல்ஃப் அடிக்கும்போது பத்தலை, சாவியை விட்டதும் பத்துது?

பதில்: செல்ஃப் மோட்டார் வோல்ட்டை இழுத்துடுது. எஞ்சின் பத்தாமல் இருக்க, காயிலிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் நடுவுக்கு வரும் ஹைடென்ஷன் வயரைக் கழற்றி எர்த் பண்ணிட்டு செல்ஃப் அடிச்சு, பேட்டரி முனையில் பாருங்க. 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சோதிக்கணும். இறங்கலைன்னா, செல்ஃப் ஓடும்போதே பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அளங்க. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, பெயின்ட் சுரண்டி, இறுக்கி மாட்டுங்க.