இன்டர்ஃபெரான் கொடுத்தால் ஃப்ளூ அடங்குமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஃப்ளூ காய்ச்சலுக்கு இன்டர்ஃபெரானை மருந்தாகக் கொடுக்க முடியுமா, கொடுத்தால் நம் செல்களுக்கு என்ன ஆகும் என்று கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் வைரஸ் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்ப்பு வேலை பார்ப்பவள், நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் இல்லை. அதனால் "எனக்கு என்ன மாத்திரை எடுக்கலாம்" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அவற்றைத் தொடவில்லை.

மேடம், இன்டர்ஃபெரான் உடம்பிலேயே இருப்பதா, மருந்துக்கடையில் வாங்குவதா? இரண்டு மாதிரியும் எழுதுகிறார்களே. (பள்ளி ஆசிரியை, ஈரோடு)

இரண்டும் சரிதான். வைரஸ் புகுந்த செல் தானே தயாரித்து வெளியே விடும் புரதம் அது. பக்கத்துச் செல்கள் அதை வாங்கிக்கொண்டு உஷாராகிவிடும். அதே புரதத்தைப் பாக்டீரியாவில் தயாரித்து ஊசி மருந்தாகவும் விற்கிறார்கள். ஆல்ஃபா, பீட்டா, காமா, லாம்ப்டா என்று வகைகள் உண்டு. ஃப்ளூவைப் பற்றிப் பேசும்போது ஆல்ஃபா, பீட்டா, லாம்ப்டா மூன்றும்தான் முக்கியம்.

இதில் பலரும் தவறவிடுவது ஒன்று. இன்டர்ஃபெரான் வைரஸைக் கொல்வதில்லை, தொடுவதுகூட இல்லை. அது செல்லிடம் மட்டும்தான் பேசும். மிச்ச வேலையெல்லாம் செல்லுடையது.

இதைக் கண்டுபிடித்ததே ஃப்ளூ வைரஸை வைத்துத்தான் என்று படித்தேன். உண்மையா? (மதுரை வாசகர்)

உண்மை. 1957, லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அலிக் ஐசக்ஸ், அவரோடு சுவிட்சர்லாந்திலிருந்து வந்திருந்த ஜான் லின்டன்மான். கரு வளரும் கோழிமுட்டையின் உள்சவ்வைத் துண்டுதுண்டாக வெட்டி, சூடாக்கிச் செயலிழக்கவைத்த ஃப்ளூ வைரஸோடு ஊறவைத்தார்கள். அப்புறம் அந்தத் திரவத்தை எடுத்துப் புதிய சவ்வுத் துண்டுகள் மேல் விட்டார்கள். அதன் பிறகு உயிருள்ள வைரஸைப் போட்டால், அது அந்தத் துண்டுகளில் சரியாகப் பெருகவில்லை. செத்த வைரஸைப் பார்த்த செல்கள் திரவத்தில் ஏதோ ஒன்றை விட்டிருக்கின்றன என்பது அவர்கள் முடிவு.

ஜப்பானில் நகானோவும் கொஜிமாவும் 1954லேயே முயல் தோலில் இதுபோன்ற ஒன்றைக் கவனித்து எழுதியிருந்தார்கள். அவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அக்கா, பயோடெக் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். செல்லுக்குள் நுழைந்தபின் இன்டர்ஃபெரான் என்ன செய்கிறது? (மாணவர், கோயம்புத்தூர்)

தம்பி, முதலில் ஒரு திருத்தம். அது வேலை செய்வதற்குச் செல்லுக்குள் நுழையத் தேவையில்லை. வெளிச்சவ்வில் இருக்கும் ஏற்பியில் (சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் புரதம்) ஒட்டினால் போதும். ஏற்பியின் உள்பக்கம் ஜாக்1, டைக்2 என்று இரண்டு நொதிகள் இருக்கின்றன. அவை ஸ்டாட்1, ஸ்டாட்2 புரதங்கள் மேல் பாஸ்பேட் ஏற்றும். இவை இரண்டும் ஐஆர்எஃப்9 என்ற மூன்றாவதையும் கூட்டிக்கொண்டு உட்கருவுக்குப் போய், நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும்.

அந்த மரபணுக்கள் தரும் புரதங்களில் ஃப்ளூவுக்கு எதிரி என்று நான்கைச் சொல்லலாம். ஐஎஃப்ஐடிஎம்3 வாசலிலேயே நிற்கும். செல் விழுங்கிய குமிழிக்குள்ளிருந்து வைரஸ் வெளியே வரவிடாது. எம்எக்ஸ்ஏ, வைரஸின் மரபுப்பொருளைப் போர்த்தியிருக்கும் புரதத்தைக் குறிவைக்கும். பிகேஆர், வைரஸ் பெருகுவதைக் காட்டிக்கொடுக்கும் இரட்டை இழை ஆர்என்ஏவைப் பார்த்துவிட்டால் செல்லின் புரதத் தயாரிப்பையே நிறுத்திவிடும். ஓஏஎஸ் என்பது ஆர்என்ஏஸ் எல் என்ற வெட்டும் நொதியை எழுப்பும். அந்த நொதி வைரஸின் ஆர்என்ஏ, செல்லின் ஆர்என்ஏ என்றெல்லாம் பார்க்காது, இரண்டையும் வெட்டும்.

கடைசி இரண்டையும் திரும்பப் படித்துப் பார். புரதத் தயாரிப்பு நின்றால் செல்லுக்கும்தான் நஷ்டம். இன்டர்ஃபெரான் பட்ட செல் பிரிந்து பெருகுவதைக் குறைத்துக்கொள்ளும், நிலைமை மோசமானால் தன்னையே அழித்துக்கொள்ளும். புற்றுநோய்க்கு இதை மருந்தாக்கியதும் இந்தக் குணத்தை நம்பித்தான். 1986இல் அமெரிக்காவில் ஆல்ஃபா இன்டர்ஃபெரானுக்கு முதலில் அனுமதி கிடைத்தது ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு, ஃப்ளூவுக்கு இல்லை.

எங்கள் மேசையில் இதை எப்படிப் பார்ப்போம் என்றும் சொல்கிறேன். 24 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில், ஒவ்வொரு குழியின் அடியிலும் ஏ549 என்ற மனித நுரையீரல் செல்கள் ஒற்றை அடுக்காக ஒட்டி வளர்ந்திருக்கும். மேல் வரிசைக்கு முந்தின நாள் சாயங்காலமே இன்டர்ஃபெரான். நடு வரிசைக்கு வைரஸ் போடும்போது கூடவே. கீழ் வரிசைக்கு வைரஸ் போட்டு மறுநாள். இரண்டு நாள் கழித்துத் திரவத்தை வடித்துவிட்டு கிரிஸ்டல் வயலட் சாயம் ஊற்றிக் கழுவுவோம். ஒட்டியிருக்கும் செல்கள் மட்டும் சாயம் ஏறும். மேல் வரிசை முழுக்க அடர் ஊதா. நடு வரிசையில் அங்கங்கே ஓட்டைகள். கீழ் வரிசையில் செல்கள் உருண்டு, கழன்று, திரவத்தோடு போய்விட்டிருக்கும். குழியின் அடி கண்ணாடி போல் தெரியும். மூன்று வரிசைக்கும் மருந்து ஒன்றே, அளவும் ஒன்றே. நேரம்தான் வேறு. கீழே வரும் பல கேள்விகளுக்கு இந்தத் தட்டுதான் பதில்.

சுண்டெலிகளில் ஃப்ளூவுக்கு இது நன்றாக வேலை செய்ததாகவும், செய்யவே இல்லை என்றும் இரண்டும் கண்ணில் படுகிறது. எதை நம்புவது? (மருந்தாளுநர், திருநெல்வேலி)

எந்த எலி என்று பாருங்கள். அதே லின்டன்மான் 1960களின் தொடக்கத்தில் ஏ2ஜி என்ற எலி வகை ஃப்ளூவுக்கு அசைந்துகொடுப்பதில்லை என்று கண்டார். காரணம் எம்எக்ஸ் என்ற ஒரே மரபணு, மேலே சொன்ன எம்எக்ஸ்ஏவின் எலி வடிவம். இன்டர்ஃபெரான்தான் அதை முடுக்கும் என்பது பின்னால் தெரியவந்தது. ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக வளர்க்கும் எலி வகைகள் பெரும்பாலானவற்றில் இந்த மரபணு பழுது. இன்டர்ஃபெரான் கொடுத்தாலும் முக்கியமான ஆயுதம் அவற்றிடம் இல்லை. எலி ஆய்வு எதையாவது படித்தால் "எம்எக்ஸ் இருக்கிற எலியா?" என்று முதலில் தேடுங்கள். அந்த விவரம் இல்லாத செய்திக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்க மாட்டேன்.

உடம்பே இவ்வளவு செய்கிறது என்றால் ஃப்ளூ எப்படி நம்மைப் படுக்கவைக்கிறது? (குடும்பத்தலைவி, தஞ்சாவூர்)

நல்ல கேள்வி. ஃப்ளூ வைரஸிடம் என்எஸ்1 என்ற புரதம் இருக்கிறது. அது வைரஸின் இரட்டை இழை ஆர்என்ஏவை மறைத்துவைக்கும், செல்லின் எச்சரிக்கை மணியான ரிக்-ஐ (RIG-I) என்ற புரதத்தை வேலை செய்யாமல் தடுக்கும். மனிதர்களிடம் பரவும் பல வகைகளில், செல் புதிதாக எழுதும் மரபணுச் செய்திகள் முழுமையாகாமலும் பார்த்துக்கொள்ளும். முதல் சில மணி நேரம் செல் வாயே திறக்காது. அந்த அவகாசத்தில் வைரஸ் ஒரு சுற்றுப் பெருகிவிடும்.

1998இல் நியூயார்க் மவுன்ட் சினாயில் அடால்ஃபோ கார்சியா-சாஸ்ட்ரே, பீட்டர் பலேசி குழுவினர் என்எஸ்1 இல்லாத ஃப்ளூ வைரஸை உருவாக்கினார்கள். சாதாரணச் செல்களில் அது திணறியது. வெரோ செல்களிலோ நன்றாக வளர்ந்தது. வெரோ என்பது ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகச் செல், அதற்கு ஆல்ஃபா, பீட்டா இன்டர்ஃபெரான் தயாரிக்கும் மரபணுக்கள் கிடையாது. எச்சரிக்கை இல்லாத இடத்தில் வைரஸுக்கு அந்தப் புரதமும் தேவைப்படவில்லை.

நான் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறேன் அக்கா. இங்கே கிரிப்ஃபெரான் என்று மூக்கில் விடும் இன்டர்ஃபெரான் சொட்டு எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. நம் ஊரில் ஏன் யாரும் இப்படிக் கொடுப்பதில்லை?

அங்கே அது பழைய வழக்கம். சோவியத் நாட்களில், 1960களின் கடைசியிலேயே, ரத்த வெள்ளணுக்களிலிருந்து எடுத்த இன்டர்ஃபெரானை ஃப்ளூ சீசனில் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். நல்ல பலன் என்று அறிவித்தார்கள். அந்தத் தொடர்ச்சிதான் நீங்கள் பார்ப்பது. இப்போது வெள்ளணுவுக்குப் பதில் மரபுப் பொறியியலில் செய்த ஆல்ஃபா-2பி.

மற்ற நாடுகளில் சோதித்தவர்கள் அவ்வளவு உற்சாகப்படவில்லை. பின்லாந்தில் காரி கன்டெல், ரத்ததானத்தில் மிஞ்சும் வெள்ளணுக்கள் மேல் சென்டாய் என்ற வைரஸைப் போட்டு இன்டர்ஃபெரான் எடுத்துக்கொண்டிருந்தார். அதை வைத்து இங்கிலாந்தில் சால்ஸ்பரி அருகே இருந்த சளி ஆராய்ச்சி மையத்தில் தன்னார்வலர்களிடம் சோதனை நடந்தது, முடிவு 1973இல் வெளியானது. சாதாரணச் சளி தரும் ரைனோவைரஸுக்கு எதிராக ஆளுக்கு மொத்தம் 1 கோடியே 40 லட்சம் யூனிட் மூக்கில் அடித்தார்கள், பலன் தெரிந்தது. ஃப்ளூ பி வைரஸுக்கு அதைவிடக் குறைந்த அளவு கொடுத்தார்கள், சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. கவனியுங்கள், சளிக்குக் கிடைத்த பலனும் வைரஸுக்கு முன்னாலேயே கொடுக்கத் தொடங்கியதில்தான். எங்கள் தட்டின் மேல் வரிசை.

1980களில் மருந்து தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியபின் வாரக்கணக்கில் தினமும் மூக்கில் அடித்துப் பார்த்தார்கள். மூக்கடைப்பு, சளியில் ரத்தக்கசிவு, உள்தோலில் புண். சளி வராமலிருக்கக் கொடுத்த மருந்தே சளிபோல் தொந்தரவு தந்தால் யார் தொடர்ந்து போடுவார்கள்?

வாயில் கரையவிடும் மிகக் குறைந்த அளவு இன்டர்ஃபெரானைப் பற்றியும் இருவர் கேட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் 200 பேரிடம் 16 வாரம் சோதித்தார்கள். காய்ச்சல், சளி வருவது குறையவில்லை.

அப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் அன்று ராத்திரியே குளிர், உடம்பு வலி. டாக்டர் "ஃப்ளூ மாதிரிதான், பயப்படாதீங்க" என்றார். வைரஸே இல்லாமல் எப்படி ஃப்ளூ வரும்? (சேலம்)

வந்தது ஃப்ளூ இல்லை, ஃப்ளூவில் உங்களைப் படுக்கவைக்கும் அதே பொருள். கை கால் வலி, குளிர், தலைவலி, எழுந்து உட்காரவே பிடிக்காத அசதி இவற்றில் பெரும்பங்கு வைரஸ் நேரடியாகச் செய்வது இல்லை. நம் இன்டர்ஃபெரானும் அதோடு சேர்ந்து சுரக்கும் மற்றச் சைட்டோகைன்களும் (செல்கள் விடும் சமிக்ஞைப் புரதங்கள்) செய்வது. அப்பாவுக்கு அந்தப் புரதத்தை நேராக ஊசியில் ஏற்றினார்கள், அறிகுறியும் நேராக வந்தது.

ஃப்ளூ நோயாளிக்கு இதைக் கொடுப்பதில் உள்ள சிக்கலும் இதுவே. வைரஸ் தொற்றிச் சுமார் இரண்டு நாள் கழித்துத்தான் காய்ச்சல் தெரியும். ஆள் டாக்டரிடம் போகும்போது வைரஸ் ஏறக்குறைய உச்சத்தில், உடம்பு ஏற்கெனவே இன்டர்ஃபெரானில் மிதக்கிறது. அப்போது வெளியிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினால் கூடப்போவது வலிதான்.

மாதக்கணக்கில் போட்டால் வேறு பிரச்சினைகளும் உண்டு: வெள்ளணு, தட்டணு குறைவது, தைராய்டு கெடுவது, மனச்சோர்வு. கடைசியதை வீட்டில் பலர் கவனிக்காமல் "நோயாளி சலிச்சுப் போயிட்டார்" என்று விட்டுவிடுவார்கள். ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு இப்போது மாத்திரைகள் வந்துவிட்டதால் அந்தக் கஷ்டம் ஒழிந்தது.

தாமதமாகக் கொடுத்தால் பலன் இல்லை, சரி. கெடுதலும் உண்டா? (செவிலியர், வேலூர்)

எலிகளில் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். ஃப்ளூவுக்குப் பின்னால் நிமோகாக்கஸ் பாக்டீரியா நுரையீரலில் புகுந்துகொள்வதை நீங்கள் வார்டிலேயே பார்த்திருப்பீர்கள். ஆல்ஃபா, பீட்டா இன்டர்ஃபெரான், பாக்டீரியாவோடு சண்டைபோடும் வெள்ளணுக்களை அழைக்கும் சமிக்ஞைகளைக் குறைத்துவிடுகிறது. அப்புறம் 2020இல் வெளியான ஆய்வுகள், இன்டர்ஃபெரான் நெடுநாள் நீடித்தால் நுரையீரலின் உள்தோல் செல்கள் பிரிந்து புண்ணை மூடுவது தடைபடுகிறது என்று காட்டின. லாம்ப்டாவுக்கும் இதில் பங்கு உண்டு. செல் பெருகுவதை நிறுத்தும் குணம் முதல் நாளில் வரம், பத்தாம் நாளில் தொல்லை.

ஒரே வீட்டில் நாலு பேருக்கு ஃப்ளூ வந்து ஒருவர் மட்டும் ஐசியு போவது இதனால்தானா?

வயது, சர்க்கரை, கர்ப்பம், நுரையீரல் நோய் போன்ற காரணங்கள்தான் முதலில். ஆனால் சிலரிடம் இன்டர்ஃபெரான் கோளாறும் உண்டு. 2015இல் பிரான்ஸில் இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று ஃப்ளூவில் உயிருக்குப் போராடியதைப் பற்றி எழுதினார்கள். அவளுக்கு, இன்டர்ஃபெரான் சுரப்பை முடுக்கும் ஐஆர்எஃப்7 மரபணுவின் இரண்டு பிரதியுமே பழுது, இன்டர்ஃபெரான் போதுமான அளவு சுரக்கவில்லை. இன்னும் சிலர் தங்கள் இன்டர்ஃபெரானுக்கு எதிராகவே எதிர்பொருள் வைத்திருக்கிறார்கள். ஃப்ளூ நிமோனியாவில் மிகக் கடுமையான நிலைக்குப் போனவர்களில் சுமார் 5 சதவீதம் பேரிடம் இது இருந்ததாக 2022இல் ஒரு ஆய்வு சொன்னது.

கோவிட் சமயத்தில் இந்தியாவில் இன்டர்ஃபெரான் ஊசிக்கு அனுமதி கொடுத்தார்களே?

ஆமாம், 2021 ஏப்ரலில் விராஃபின் என்ற ஆல்ஃபா-2பி ஊசிக்கு அவசர அனுமதி. உலகச் சுகாதார நிறுவனம் மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் பீட்டாவைச் சோதித்ததில் உயிர் காக்கும் பலன் தெரியவில்லை. ஆனால் 2023இல் வெளியான ஒரு சோதனையில், பெரும்பாலும் பிரேசிலில் நடந்தது, அறிகுறி தொடங்கி ஏழு நாட்களுக்குள் லாம்ப்டா ஒரே ஒரு ஊசி போட்டவர்களில் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தவர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். லாம்ப்டாவின் ஏற்பி முக்கியமாக மூச்சுக்குழாய், குடல் போன்ற இடங்களின் உள்தோல் செல்களில் இருப்பதால் உடம்பு முழுக்க வலி, காய்ச்சல் குறைவு. ஃப்ளூவுக்கும் இந்த வகையில்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை. ஆனால் ஃப்ளூ கோவிடைவிட வேகமானது, ஏழு நாள் அவகாசமெல்லாம் தராது.

அப்படியானால் இன்றைக்கு ஃப்ளூ வந்தால் என்ன வழி?

வருஷா வருஷம் தடுப்பூசி. வந்துவிட்டால், முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஒசெல்டமிவிர். அது வைரஸின் நியூராமினிடேஸ் நொதியை நேராகத் தடுக்கிறது, செல்லைத் தொந்தரவு செய்வதில்லை.

காய்ச்சல் வந்ததும் பாராசிட்டமால் போட்டால் இன்டர்ஃபெரான் வேலை கெட்டுவிடாதா மேடம்? பாட்டி "காய்ச்சலை அடக்காதே" என்கிறார். (இரண்டு குழந்தைகளின் அம்மா, சென்னை)

பாராசிட்டமால் இன்டர்ஃபெரானின் ஏற்பியை அடைப்பதில்லை. மூளையில் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்து வெப்பத்தையும் வலியையும் தணிக்கிறது, அவ்வளவுதான். ஹெபடைட்டிஸ் நோயாளிகள் இன்டர்ஃபெரான் ஊசியோடு பாராசிட்டமால் போட்டுக்கொண்டதும் வழக்கம்தான். குழந்தை சோர்ந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தால் எடைக்கேற்ற அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம். ஃப்ளூவின்போது குழந்தைகளுக்கு அது கொடுத்தால் ரேய்ஸ் சின்ட்ரோம் என்று கல்லீரலையும் மூளையையும் தாக்கும் நிலை வரலாம். வீட்டில் தாத்தாவின் இதய மாத்திரை டப்பாவில் அது இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.