மில் திறந்தபோது – ஒரு புனலூர்க் கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

நான் கேரளத்துக் கொல்லம் மாவட்டத்தில், புனலூரில் பிறந்தவன். தாத்தா பாவூர்சத்திரம் பக்கமிருந்து பேப்பர் மில் வேலைக்கு மலையேறி வந்தவர். அப்பாவுக்கும் அதே மில்தான். 1987-ல் மில் நின்றபோது அவருக்கு முப்பது வயது, நான் பிறந்திருக்கவில்லை. ஆனாலும் நான் வளர்ந்த வீட்டில் எந்தப் பேச்சும் 'மில் திறக்கட்டும்' என்றுதான் முடியும். ஓடு மாற்றணுமா, மில் திறக்கட்டும். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கணுமா, மில் திறக்கட்டும். கடைசியில் அம்மாதான் முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டியாபீஸ் கூலியில் எங்களைப் படிக்கவைத்தாள், அக்காவைக் கட்டிக்கொடுத்தாள்.

நான் பதினோரு வருடமாக ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். லீவில் வரும்போதெல்லாம் ஊரில் ஒரு புது நகைக்கடை, புது துணிக்கடை, புது ஆஸ்பத்திரி. ஆனால் என்னோடு படித்தவர்களில் ஊரில் இருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மில் மறுபடி ஓடத் தொடங்கியது என்று கேட்டதும் அப்பா குதிப்பார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. "இனி திறந்து எனக்கென்னடே" என்றார்.

ஊர் நிஜமாகவே எழுந்துகொண்டிருக்கிறதா, இல்லை எங்கள் கல்ஃப் பணத்தின் மினுக்குதானா? நான் திரும்பி வரலாமா? அப்பா அத்தனை வருடம் காத்திருந்தது மடத்தனம்தானா? கடைசிக் கேள்வியை அவரிடம் கேட்க வாய் வரவில்லை. உங்களிடம் கேட்கிறேன்.

– புனலூர் வாசகர் ஒருவர்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது எனக்கும் வீட்டு விஷயம்.

என் அத்தையைப் புனலூரில்தான் கொடுத்திருந்தது. மாமாவுக்கு அங்கே ஒரு மர ஆலையில் வேலை. ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். அது நின்றபோது என் அப்பா செங்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதும் வேலை பார்த்து வைத்துவிட்டு, "கிளம்பி வாருங்கள் மாப்பிள்ளை" என்று ஆள் அனுப்பினார். மாமா வரவில்லை. "இப்போ போனா சீனியாரிட்டி போயிரும்" என்றார். எங்கள் வீட்டில் அதைப் பல வருடம் ஒரு குறையாகவே சொல்லிக்கொண்டிருந்தோம். வேலையே இல்லாத இடத்தில் என்ன சீனியாரிட்டி என்று நானும் கேட்டிருக்கிறேன்.

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. ஆலை மூடிவிட்டது என்று மாமா ஒருநாளும் சொன்னதில்லை. பூட்டிக் கிடக்கிறது என்பார். அப்போது நடப்பில் இருந்த 1947-ன் தொழில் தகராறு சட்டத்தில் கதவடைப்பு வேறு, மூடல் வேறு. மூடினால் தொழிலாளிக்கு வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டு நஷ்டஈடு கொடுக்க வேண்டியிருந்தது. பூட்டிக் கிடந்தவரை அந்தப் பேச்சு எழவில்லை, வேலை இருப்பது போலவும் இல்லாதது போலவும் ஓடியது. அந்த நிலையில் வேறு வேலைக்குப் போகிறவன் தன் பதினைந்து வருட உழைப்பின் கணக்கைத் தானே கிழித்துப் போட்டுவிட்டுப் போகிறான் என்றுதான் மாமா நினைத்தார். தினமும் காலையில் சட்டை போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் போய்வருவார். கையில் இருந்த ஒரே சொத்துக்கு அவர் காவல் இருந்தார். உங்கள் அப்பாவும் அப்படித்தான் இருந்திருப்பார். மடத்தனம் என்ற சொல்லை நீங்கள் எடுத்துவிட வேண்டும் தம்பி.

ஆனால் அந்தக் காவலுக்கு ஆன செலவை அவர்கள் கொடுக்கவில்லை. என் அத்தை கொடுத்தாள், உங்கள் அம்மா கொடுத்தாள்.

அண்டியாபீஸை வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, தோல் உரித்து, தரம் பிரிக்கிற கூடங்களுக்குக் கொல்லம் பக்கத்தில் அதுதான் பெயர். உள்ளே இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லாரும் பெண்கள். கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் கையை அரித்துக் கருக்கிவிடும். என் அத்தை கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காரும்போது வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டிருப்பாள், இலையில் சோறு விழுந்த பிறகுதான் வெளியே எடுப்பாள். சின்னப் பையனாக இருந்தபோது அது கூச்சம் என்று நினைத்தேன். அந்தக் கையால்தான் மூன்று பிள்ளைகள் படித்தார்கள்.

அந்தத் தொழிலுக்கும் கேடு வந்தது. கொட்டையில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. வியட்நாமில் எந்திரம் போட்டு உடைக்கத் தொடங்கிய பிறகு கொல்லத்தால் அந்த விலைக்கு நிற்க முடியவில்லை. 2016-ல் பச்சைக்கொட்டைக்கு இறக்குமதி வரியும் சேர்ந்துகொண்டது. மாவட்டம் முழுக்க ஆபீஸ்கள் வரிசையாகப் பூட்டின. அதற்கு முன்பிருந்தே கேரளத்துக் கூலி கட்டுப்படியாகவில்லை என்று கொட்டையை லாரியில் ஏற்றிக் குமரி மாவட்டத்துக்கு அனுப்பி உடைத்தவர்கள் உண்டு. ஒரே கொட்டை, ஒரே வேலை. எல்லை தாண்டினால் கூலி குறைகிறது. எல்லையில் வாழும் தமிழர்கள் நாம் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். எனக்கு இன்றும் இது ஆறவில்லை.

இதை எல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊர் சரிந்த கதையைச் சொல்கிற யாரும் மில்லைத்தான் சொல்கிறார்கள். மில் நின்றது 1987-ல் என்று எல்லாருக்கும் மனப்பாடம். அண்டியாபீஸ்கள் எந்தெந்த வருடம் நின்றன என்று யாருக்கும் நினைவில்லை. மில் நின்ற பிறகு முப்பது வருடம் ஊரைத் தூக்கி நிறுத்தியது அவைதான். உங்கள் கேள்வியிலும் மில்லும் கல்ஃபும்தான் இருக்கின்றன, அம்மாவின் தொழில் ஒரு வரியில் வந்துபோய்விட்டது. குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

இன்னொன்று. புனலூர் மில்லால் உண்டான ஊர் என்று நம்மவர்கள் சொல்வார்கள். அது சரியில்லை. மில் 1888-ல் வந்தது. அதற்குப் பதினோரு வருடம் முன்னாலேயே, 1877-ல், கல்லடை ஆற்றின் மேல் தூக்குப்பாலம் வந்துவிட்டது. கொல்லம் துறைமுகத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவே சரக்கு போய்வர வேண்டியிருந்தது, அதனால் பாலம். பாலமும் ஆறும் மேலே மலையில் காகிதத்துக்கு வேண்டிய ஈற்றை என்கிற மூங்கில் வகைக் காடும் இருந்ததால் மில். 1904-ல் ரயில். அப்போது எங்கள் செங்கோட்டையும் திருவிதாங்கூர்தான், 1956 நவம்பர் 1 வரைக்கும். புனல் என்றால் ஓடுகிற நீர். ஊரின் பெயரே தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவாக நிற்கிறது. உங்கள் தாத்தா வந்ததும் செங்கோட்டையிலிருந்து வரும் அந்தப் பாதையில்தான்.

ஊரை உண்டாக்கியது பாதை. ஆகவே என்னைக் கேட்டால், ஊருக்கு விழுந்த பெரிய அடி 1987 இல்லை, 2010. அந்த செப்டம்பரில் புனலூர்–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக்க நிறுத்தினார்கள். மறுபடி முழுப் பாதையும் திறந்தது 2018 ஜூனில். நடுவில் எட்டு வருடம். பூக்கூடையும் காய்கறி மூட்டையுமாகக் காலை வண்டியில் மலையிறங்கி, விற்றுவிட்டுச் சாயங்காலம் திரும்பிய எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்த எட்டு வருடத்தில் பிழைப்பு போயிற்று. பஸ்ஸில் மூட்டைக்குத் தனிக் கட்டணம், புளியரை வளைவுகளில் மணிக்கணக்கு. லாரி வைத்திருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். தலைச்சுமைக்காரர்கள் பலர் வண்டி திரும்பி வந்தபிறகும் திரும்பவில்லை, வயது போய்விட்டது. அதே சமயத்தில் ரப்பரும் சரிந்தது. 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய விலை நாலைந்து வருடத்தில் பாதிக்கு இறங்கியது. இந்தியாவும் இலங்கையும் 1964-ல் செய்த ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிவந்த நம் மக்களைக் குடியமர்த்தி 1976-ல் தொடங்கிய ரப்பர் தோட்ட நிறுவனத்துக்குப் புனலூர்தான் தலைமையிடம். குளத்துப்புழைப் பக்கம் போய் அந்தக் குடும்பங்களிடம் பேசிப் பாருங்கள். ஊரின் நிலைமை கடைத்தெருவில் தெரிவதைவிட அங்கே நன்றாகத் தெரியும்.

சரி, எழுந்துகொண்டிருக்கிறதா? பாதி எழுந்திருக்கிறது என்பேன். கல்ஃப் பணத்தை மினுக்கு என்று நீங்களே தாழ்த்திச் சொல்லாதீர்கள், அது பதினோரு வருட வெயில். ஆனால் அந்தப் பணம் ஊரில் வீடாகவும் நகையாகவும் நிற்கிறது. அந்தக் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு அண்டியாபீஸில் கிடைத்த பி.எஃப்., போனஸ் எல்லாம் கிடைக்கிறதா என்று லீவில் வரும்போது விசாரித்துப் பாருங்கள். அதே சமயம் தாலுகா ஆஸ்பத்திரியைப் பாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி இப்படியும் நடக்கலாம் என்று கேரளம் முழுக்கப் பேசுகிறார்கள். தென்காசிப் பக்கமிருந்து காய்கறி லாரிகள் இரவெல்லாம் உங்கள் ஊர் வழியாகத்தான் போகின்றன. ரயில் திரும்ப ஓடுகிறது. பாலம், ஆறு, பாதை என்று ஊரை உண்டாக்கிய எதுவும் போகவில்லை.

நீங்கள் வரலாமா என்பதற்கு ஊரின் பெயரால் பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஊரைக் காப்பாற்ற வருகிறேன் என்று வராதீர்கள். மில்லில் மெயின்டனன்ஸ் வேலை கிடைக்கும் என்ற எண்ணத்திலும் வேண்டாம். மறுபடி திறந்த மில் பழைய மில்லின் அளவில் இல்லை. சேமிப்பைத் துணிக்கடையில் போட வேண்டாம், அதற்கு ஊரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. உங்கள் கையில் குளிர்சாதன வேலை இருக்கிறது. கேரளத்தில் வெயிலுக்குப் பேர்போன ஊர் புனலூர். ஆஸ்பத்திரிகள், லேபுகள், பால், மீன், இறைச்சி, வழியில் போகும் காய்கறி என்று எல்லாவற்றுக்கும் குளிர் வேண்டும். ஏசி மாட்டுகிறவன் எங்கும் கிடைப்பான். நடுராத்திரி குளிர்அறை நின்றுபோனால் வந்து சரிசெய்கிறவன் கிடைக்கமாட்டான். அடுத்த லீவில் இரண்டு மாதம் சும்மா சுற்றி, எந்த இடத்துக்கு எங்கிருந்து மெக்கானிக் வருகிறான் என்று எழுதி வாருங்கள். கொல்லத்திலிருந்தும் கொட்டாரக்கரையிலிருந்தும் வருகிறார்கள் என்றால் உங்களுக்கு இடம் இருக்கிறது. இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருங்கள். ஆனால் இரண்டு வருடம் என்றால் இரண்டு வருடம்தான், தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் மில்லைப் பற்றிக் கேளுங்கள். ஏன் காத்திருந்தாய் என்று வேண்டாம், என்ன வேலை செய்தாய் என்று கேளுங்கள். ஈற்றை எப்படி வந்து இறங்கும், கூழ் எப்படிக் காயும், எந்தக் காகிதம் நல்ல காகிதம் என்று. என் மாமாவிடம் நான் கேட்கவில்லை. அவர் 2009-ல் போய்விட்டார். மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்து இருக்கிறதா என்று சொல்வார் என அத்தை சொல்லித்தான் தெரியும்.

அத்தை இப்போது எங்களோடு செங்கோட்டையில் இருக்கிறாள். வரும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு சென்னை எக்ஸ்பிரஸில் ஏறுங்கள், பகலிலேயே மலை ஏறலாம். கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் தாண்டும்போது போன் செய்யுங்கள், ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். எந்த ஆபீஸில் எந்த வருடம் யார் யாரோடு உட்கார்ந்து உடைத்தார்கள் என்று அவர்கள் இரண்டு பேரும் பேசட்டும்.

அன்புடன்,
அண்ணாச்சி