கை எட்டும் தூரத்தில் ஒரு தோட்டம்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு எட்டடி இடம் சும்மா கிடக்கிறது. அம்மாவுக்குப் பார்வை வெகுவாக மங்கிவிட்டது. தொட்டும் முகர்ந்தும் கேட்டும் அவர் ரசிக்கிற மாதிரி தோட்டம் போட ஆசை. ஒவ்வொரு புலனுக்கும் ஒரு பாத்தி என்று ஐந்தாகப் பிரிக்கலாமா? என்னென்ன செடி வைக்கலாம்?

பதில்: ஐந்து பாத்தி வேண்டாம். முதலில் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் அங்கே போட்டு அம்மாவை உட்காரவைத்து, கை நீட்டினால் எதுவரை எட்டுகிறது என்று பாருங்கள். பார்த்து ரசிக்கிற தோட்டம் எட்ட இருக்கலாம், தொட்டு ரசிப்பது கைக்குள் இருக்க வேண்டும். குனிந்து தொடுவது அவருக்குச் சிரமம், அதனால் தொட்டிகளைத் திண்டு மேலோ பெஞ்சு மேலோ ஏற்றி இரண்டு, இரண்டரை அடி உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அந்தக் கை எட்டும் இடத்துக்கு என் முதல் தேர்வு கற்பூரவள்ளி. தடித்த இலை, மேலே பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி மெல்லிய ரோமம், வாசனை எண்ணெய் இலையின் மேற்பரப்பிலேயே பொடிப்பொடிச் சுரப்பிகளில் இருப்பதால் விரல் பட்டு அவை உடைந்ததும் மணம் கிளம்பிவிடும், கிள்ளக்கூடத் தேவையில்லை. துளசியும் திருநீற்றுப்பச்சையும் பக்கத்தில் இருக்கட்டும். புதினாவும் வைக்கலாம், ஆனால் தனித் தொட்டியில், இல்லாவிட்டால் தண்டு ஓடி மற்றதை எல்லாம் மூடிவிடும்.

தொட்டாற்சிணுங்கி வையுங்கள் என்று நிறையப் பேர் சொல்வார்கள். தொட்டதும் காம்பின் அடி முடிச்சிலுள்ள செல்களிலிருந்து நீர் வெளியேறி இலை மடங்குவது அற்புதம்தான். ஆனால் அந்த அற்புதம் கண்ணுக்குத்தான், கைக்குக் கிடைப்பது தண்டிலுள்ள முள். பார்வை குறைந்தவருக்கு வேண்டாம்.

பூ வாசனையில் ஒரு விஷயம். நாலைந்தை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள், கலந்தால் எது எதுவென்று தெரியாது, அதோடு ஒரே வாசனையில் கொஞ்ச நேரம் இருந்தாலே மூக்குக்கு அது பழகிவிடும். வாசல் பக்கம் மல்லிகை, நாற்காலிக்கு அருகில் மரிக்கொழுந்து என்று இடைவெளி விட்டு வைத்தால், அந்த மணத்தை வைத்தே தான் எங்கே நிற்கிறோம் என்று அம்மாவுக்குத் தெரியும். துணை இல்லாமல் அவர் நாலு அடி நடந்து வந்து உட்கார முடிந்தால் அது எவ்வளவு பெரிய சந்தோஷம்!

சத்தத்துக்கு வெட்டிவேர் போதும், காற்றில் சலசலக்கும். அந்தப் புல்லின் இலை ஓரம் கையைக் கீறும், அதனால் பின்வரிசையில் வையுங்கள். பக்கத்தில் ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்து தினமும் மாற்றினால் குருவிகள் வரும்.

அப்புறம், மிச்சமிருக்கிற பார்வையையும் மறக்காதீர்கள். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும், நீலமும் ஊதாவும் மங்கலாகத் தெரியும். ஆகவே சங்குப்பூவைவிட மஞ்சள், ஆரஞ்சு நிறத் துலுக்கச் சாமந்திக்கு இடம் கொடுங்கள். தனித்தனியாக நடாமல் ஒரே நிறத்தைக் கும்பலாக நட்டால் பளிச்சென்று தெரியும்.

அரளி, எருக்கு, வீட்டுக்குள் அழகுக்கு வைக்கிற டிஃபன்பாக்கியா மூன்றும் அந்த இடத்துக்குள் வரவே கூடாது, விஷம். தொட்டுப் பழகிய கை வாய்க்கும் கண்ணுக்கும் போகும், அதனால் பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பால்கனியில் இரண்டு மணி நேரம்தான் வெயில். வாசனைச் செடி ஏதாவது வருமா?

பதில்: மல்லிகையை விட்டுவிடுங்கள், செடி பிழைத்தாலும் பூக்காது. பூ வாசனைக்குப் பதில் இலை வாசனைக்குப் போங்கள். கற்பூரவள்ளியும் புதினாவும் அந்த வெயிலுக்கே வரும். கற்பூரவள்ளிக்கு மட்டும் மண் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள், ஈரம் தேங்கினால் அடித்தண்டு அழுகிவிடும்.