கரட்டுக் கல்லுக்கு மெருகு: மும்பை வீட்டிலிருந்தே தொடங்கலாம்

கரடுமுரடான கல், சாணைப்பொடி, தண்ணீர் மூன்றையும் ஒரு டிரம்மில் போட்டு வாரக்கணக்கில் உருட்டினால், கல் வழவழப்பாகிப் பளபளவென்று வெளியே வரும். செம்பூரில் என் ஃப்ளாட்டில் பல வருடங்களாக இதைச் செய்துவருகிறேன். தொடங்க ஆசைப்படும் மும்பைத் தமிழ் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, மும்பையில் கிடைக்கிற கருங்கல்லையே உருட்டலாமா? (மாட்டுங்கா)

உருட்டலாம், ஆனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே நம் காலடியில் இருப்பது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறை. அது உருண்டையாகும், மெருகு ஏறாது. அதற்குள் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் ஜியோலைட் அல்லது கால்சைட் என்ற கனிமம். இரண்டுமே மென்மையானவை, டிரம்மில் கரைந்துபோகும்.

ஆனால் அதே எரிமலைக் குழம்பில் வாயுக்குமிழிகள் இருந்த வெற்றிடங்களில் சிலிக்கா மெல்ல மெல்லப் படிந்து உருவானதுதான் அகேட். தொடங்குபவர்களுக்கு அதைவிட நல்ல கல் கிடையாது. குஜராத்தின் கம்பாத் நூற்றாண்டுகளாக அகேட் வேலைக்குப் பேர்போன ஊர். அகேட், ஜாஸ்பர், கார்னீலியன் இந்த மூன்றில் ஒன்றை வாங்குங்கள். கீழடிச் செய்திகளில் சூதுபவளம் என்று படித்திருப்பீர்களே, அதுதான் கார்னீலியன். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் மூன்றும் 6.5 முதல் 7 வரை. கண்ணைப் பறிக்கும் நீலமும் ரோஸும் சாயம் ஏற்றியவை, அவற்றை விட்டுவிடுங்கள்.

கையில் இருப்பது என்ன கல் என்று தெரியவில்லையா? சமையலறைக் கத்தியால் கீறிப் பாருங்கள். கீறல் விழுந்தால் வேண்டாம். வினிகர் ஒரு சொட்டு விட்டு நுரைத்தாலும் வேண்டாம். இன்னொன்று, ஒரு டிரம்மில் போடும் கற்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கடினத்தன்மையில் இருக்க வேண்டும். அளவு மட்டும் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருப்பது நல்லது. பெரிய கற்களின் இடுக்குகளில் சின்னக் கற்கள்தான் பொடியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பழைய வெட் கிரைண்டர் சும்மா கிடக்கிறது, அதில் போடலாமா? (தாராவி)

வேண்டாம் தம்பி. கிரைண்டர் நசுக்கி அரைக்கும். நமக்கு வேண்டியது படுக்கைவசமாகச் சுழன்று, கற்களை மேலே தூக்கிச் சரியவிடும் டிரம். தவிர, கிரைண்டர் மோட்டார் இரவு பகலாக ஓடுவதற்குச் செய்ததும் இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மெஷின் வாங்கி வருகிறேன் என்கிறான். சரியா மேடம்? (முலுண்ட்)

வாங்குமுன் லேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். ஸ்டெப்‑டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் நம் 50 ஹெர்ட்ஸ் மாறாது. மோட்டார் மெதுவாக ஓடும், கூடுதலாகச் சூடாகும். நாள்கணக்கில் ஓட வேண்டிய மெஷினுக்கு அது நல்லதல்ல. 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாடலாகவே கேளுங்கள். ரப்பர் டிரம்மாக இருந்தால் இன்னும் நல்லது.

எத்தனை கட்டம், எத்தனை நாள்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். (டோம்பிவிலி)

நான்கு கட்டம். முதலில் 60/90 நம்பர் சிலிக்கான் கார்பைடு சாணைப்பொடி, பிறகு 120/220, பிறகு 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு பாலிஷ் பொடி. நம்பர் ஏற ஏறப் பொடி நைஸாகும். கட்டத்துக்கு ஒரு வாரம் என்று கணக்கு. பொடிக்கு நாக்தேவி தெருவின் ஹார்டுவேர் கடைகள் பக்கம் விசாரியுங்கள். 60/90 கிடைக்காவிட்டால் 80 நம்பர் போதும், உப்புத்தாளுக்குச் சொல்கிற அதே நம்பர்தான்.

கற்கள் டிரம்மில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் வரை இருக்கட்டும். குறைந்தால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விளிம்பு தெறிக்கும், அதிகமானால் நகரவே நகராது. தண்ணீர் மேல்வரிசைக் கல்லுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். 1.4 கிலோ கொள்ளும் டிரம்முக்குப் பொடி நான்கு டேபிள் ஸ்பூன்.

இப்போது நான் வற்புறுத்திச் சொல்லும் விஷயம்: முதல் கட்டத்தை ஏழு நாளில் முடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கல்லை வடிவமாக்குவது அந்த ஒரு கட்டம் மட்டும்தான். ஏழு நாளில் பொடி தேய்ந்து சேறாகிவிடும், அவ்வளவே. கற்களைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஈரத்தில் எல்லாக் கல்லும் அழகாகத்தான் தெரியும். குழியோ விரிசலோ இருக்கிற கல்லைப் புதுப்பொடியோடு மறுபடி முதல் கட்டத்துக்கே அனுப்புங்கள். சில கற்களுக்கு நான்கு வாரம்கூட ஆகும். ஆகட்டும். முதல் கட்டத்தில் விட்ட குழியைப் பாலிஷ் மறைக்காது, அதற்குள் வெள்ளையாகப் பொடி அடைந்து இன்னும் எடுப்பாகக் காட்டும்.

அடுத்தது சுத்தம். முந்தைய கட்டத்துப் பொடி ஒரே ஒரு துகள் தப்பி வந்தாலும் பாலிஷில் கீறிவிடும். கல், டிரம், மூடியின் விளிம்பு எல்லாவற்றையும் பழைய டூத் பிரஷால் தேயுங்கள். முடிந்தால் பாலிஷுக்கென்று தனி டிரம் வையுங்கள். கற்கள் தேய்ந்து அளவு குறைந்துவிட்டால் செராமிக் துண்டுகளைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

கரண்ட் பில் எகிறுமா? பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்களா? (சயான்)

30 வாட் மோட்டார் மாதம் முழுக்க ஓடினால் சுமார் 22 யூனிட். சத்தம் தொடர்ந்து கேட்கும், ரப்பர் டிரம்மில் குறைவு. கீழே கனமான மேட் போடுங்கள், மோட்டார்மேல் மட்டும் துணி போர்த்தாதீர்கள். மழைக்காலத்தில் பால்கனி கூடாது.

கழுவிய சேற்றை எங்கே கொட்டுவது? (கல்யாண்)

எந்தக் குழாயிலும் கொட்டாதீர்கள். சிமெண்ட் போல இறுகி அடைத்துவிடும், கீழ்வீட்டுக்காரருக்கும் சேர்த்துத் தொல்லை. கழுவுவதை எல்லாம் வாளியிலேயே செய்யுங்கள். ஒருநாள் தெளியவிட்டு, மேல்நீரைச் செடியில்லாத மண்ணில் ஊற்றிவிட்டு, அடிச்சேற்றை ஈரத்தோடே பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

என் பையனுக்கு ஒன்பது வயது. அவனோடு சேர்ந்து செய்யலாமா அக்கா? (அந்தேரி)

தாராளமாக. கல் பொறுக்குவது, கழுவுவது, காய்ந்ததும் பரிசோதிப்பது எல்லாம் அவன் வேலையாக இருக்கட்டும். சுத்தியலால் உடைப்பதும் பொடி அளப்பதும் உங்களுடையது. உடைக்கும்போது கல்லை ஈரச்சாக்கில் சுற்றி, கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. கம்பாத்தில் அகேட்டை உலர்வாகச் சாணை பிடித்த எத்தனையோ தொழிலாளர்கள் அந்தத் தூசியை மூச்சில் இழுத்து சிலிக்கோசிஸ் வந்து நுரையீரல் கெட்டுப்போனார்கள். சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்து கிடையாது. டிரம்முக்குள் எல்லாம் தண்ணீரில் நடப்பதால் பயமில்லை. சிந்திய சேறு காய்ந்து தூசியாவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது தாமிரபரணியில் கூழாங்கல் எடுத்து வரலாமா? போரிவலி தேசியப் பூங்காவில்? (வாஷி)

பூங்காவில் ஒரு கல்லைக்கூடத் தொடாதீர்கள், சட்டப்படி குற்றம். அந்தேரி கில்பர்ட் மலையும் அப்படித்தான், பார்த்து ரசிக்க மட்டும். ஆற்றங்கரையில் மூட்டை கட்டாமல், அனுமதி உள்ள இடத்தில் கைக்கு அடங்குகிற அளவு போதும். வெள்ளையாக, விரிசல் இல்லாமல் இருக்கும் குவார்ட்ஸ் கூழாங்கல்லாகத் தேடுங்கள். ஆறே பாதி வேலையை முடித்து வைத்திருப்பதால் முதல் கட்டம் சீக்கிரம் முடியும். அகேட்டோடு அதே டிரம்மில் போடலாம். கிரானைட் துண்டுகளை மட்டும் எடுக்காதீர்கள். அதில் உள்ள மைக்கா உதிர்ந்து குழி விழுந்துகொண்டே இருக்கும்.