வெள்ளைத் தீவில் இறங்க முடியாமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நானும் என் மனைவியும் வரும் ஆகஸ்ட் மாதம் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துக்குப் பத்து நாள் கப்பல் பயணம் செல்வதற்காக ஒரு பயண முகவரிடம் முன்பணம் கட்டியிருக்கிறோம். வடகிழக்குக் கோடியில் உள்ள குவிட்டோயா என்ற வெள்ளைத் தீவைப் பார்ப்பதற்காகவே இந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தோம். ‘வெள்ளைத் தீவில் கால் பதியுங்கள்’ என்று விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பதிவுப் படிவத்திலோ, பயணத்தடம் முன்னறிவிப்பின்றி மாற்றப்படலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. தீவில் இறங்காமலே திரும்ப நேர்ந்தால் இழப்பீடு கேட்கலாமா? மீதிப் பணத்தைக் கட்டுமுன் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பனிக்கட்டி, மூடுபனி, பலத்த காற்று, கரையில் பனிக்கரடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் காரணமாகக் கப்பல் தலைவர் இறங்க வேண்டாம் என்று முடிவெடுத்தால், அதற்காக இழப்பீடு பெறுவது மிகவும் கடினம். இறங்குவது உறுதி என்று சொல்லி உங்களிடம் பணம் வாங்கியிருந்தால் நிலைமை வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் உங்கள் வழக்கின் வலுவே இருக்கிறது. ஆகவே அந்த விளம்பரத் தாளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

வெள்ளைத் தீவு ஏன் இவ்வளவு எட்டாத இடம் என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தப் பிரிவு ஏன் எழுதப்பட்டது என்பதும் புரியும். பயணம் தொடங்கும் லாங்யியர்பைன் நகரிலிருந்து நேர்க்கோட்டில் பார்த்தாலே அது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில், 80 பாகை வட அட்சரேகைக்கும் சற்று மேலே இருக்கிறது. தீவின் மிகப் பெரும்பகுதி ஒரே பனிப்பாளம். மனிதர் கால் வைக்கத் தோதான வெறும் நிலம் கரையோரத்தில் ஒன்றிரண்டு முனைகளில் மட்டுமே உண்டு. 1897 ஜூலை 11 அன்று ஹைட்ரஜன் பலூனில் வடதுருவம் நோக்கிக் கிளம்பிய சுவீடன் நாட்டு ஆண்ட்ரே, ஸ்டிரிண்ட்பெர்க், ஃபிரேங்கல் ஆகிய மூவரும் மூன்றே நாளில் கடற்பனியில் இறங்க நேர்ந்து, வாரக்கணக்கில் நடந்தும் பனியோடு மிதந்தும் அக்டோபரில் இந்தத் தீவை வந்தடைந்து இங்கேயே இறந்தார்கள். அவர்களுடைய முகாம் 1930-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது; பனிக்குள் 33 ஆண்டுகள் கிடந்த புகைப்படச் சுருளைக் கழுவியபோது படங்கள் தெரிந்தன. அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் கப்பல் தீவை நெருங்கிவிட்டாலும் கரை சேர்வது எளிதன்று. முதலில் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டிகள் ரப்பர் படகில் சென்று கரடி இல்லை என்று உறுதி செய்த பிறகே பயணிகளை இறக்குவார்கள். ஆகஸ்டில் பனிக்கரடியிலிருந்து 300 மீட்டருக்குக் குறையாமல் விலகியிருக்க வேண்டும் என்பது சட்டம். மார்ச் முதல் ஜூன் வரை அது 500 மீட்டர். அந்தச் சிறிய நிலத்துண்டில் ஒரு கரடி படுத்திருந்தால் அன்றைக்கு யாரும் இறங்க முடியாது. அதற்காகக் கப்பல் நிறுவனத்தைக் குறை சொல்வது நியாயமாகாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு தனியாகவும், மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் தனியாகவும் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் பற்றிக்கொள்ள வேண்டியது இரண்டாவதை. செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வரையில், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். கப்பல் நிறுவனத்தின் நிபந்தனைகளில், வழக்கு ஏதேனும் ஒரு வெளிநாட்டு நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். உங்கள் கைக்கு எட்டக்கூடியவர் இங்கே உங்களிடம் பணம் வாங்கிய முகவர்தான் என்பதால், ரசீது அவர் பெயரில் இருப்பது மிக முக்கியம்.

மீதிப் பணத்தைக் கட்டுமுன் முகவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டால் பதில் காற்றோடு போய்விடும். வெள்ளைத் தீவில் இறங்குவது உறுதியா, முயற்சி மட்டும்தானா என்று நேராகக் கேளுங்கள். ‘முயற்சி மட்டுமே’ என்று பதில் வந்தால் அதுவே நேர்மையான பதில். அப்படிச் சொல்பவரை நான் கூடுதலாக நம்புவேன். பத்து நாளில் கிழக்குப் பகுதிக்கு எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறார்கள், பனி வழிமறித்தால் மாற்றாக எங்கே போவார்கள் என்பதையும், கடந்த பருவங்களில் இதே கப்பல் எத்தனை முறை முயன்று எத்தனை முறை கரை சேர்ந்தது என்பதையும் கேளுங்கள். கிழக்குக்கு ஒரே ஒரு நாள்தான் என்றால், மூடுபனி சூழ்ந்தால் அந்த நாளோடு வாய்ப்பும் போய்விடும்.

கப்பலில் எத்தனை பயணிகள் என்பதையும் கேட்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல்கள் செல்லக் கூடாது. அங்கே கரையிறங்கவும் 43 இடங்களில் மட்டுமே அனுமதி. வெள்ளைத் தீவு அத்தகைய பகுதியில்தான் இருக்கிறது. இந்த விதி வருவதற்கு முன் அச்சிட்ட விளம்பரத் தாளை இன்னும் யாராவது நீட்டினால் அதை நம்ப வேண்டாம்.

ரத்துக் கட்டண அட்டவணையைத் தேதிவாரியாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டைப் பொறுத்தவரை, சாதாரண வெளிநாட்டுப் பயணக் காப்பீடு போதாது. லாங்யியர்பைனில் இருப்பது சிறிய மருத்துவமனை. கடுமையான நோயாளிகளை நார்வேயின் பெருநிலப்பரப்பில் உள்ள ட்ரோம்சோவுக்கு அனுப்புவார்கள். ஆகவே ஹெலிகாப்டரில் மீட்பதற்கான செலவும் துருவப் பகுதியும் காப்பீட்டுக்குள் வருகின்றன என்பதைப் பத்திரத்திலேயே பாருங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பயணத் தொகையோடு முகவர் வசூலித்து அரசுக்குச் செலுத்தும் டி.சி.எஸ். வரியை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடுகட்டிக்கொள்ளலாம். அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை என்று முகவர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகி, மதுரை

பதில்: அவர் சொல்வது பாதி உண்மைதான். ஸ்வால்பார்டுக்குத் தனி விசா கிடையாது. ஆனால் அங்கே போக வழக்கமான வழி நார்வேயின் ஆஸ்லோ அல்லது ட்ரோம்சோ வழியாக விமானத்தில் செல்வதுதான், அதற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால், அங்கிருந்து ஆஸ்லோவுக்குத் திரும்பும்போது நீங்கள் இரண்டாம் முறையாக உள்ளே நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவருக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும். விண்ணப்பிக்கும்போதே இருமுறை அல்லது பலமுறை நுழைவு விசா கேளுங்கள். விசா ஒட்டிய கடவுச்சீட்டு கைக்கு வந்ததும், முகவரிடம் கொடுப்பதற்கு முன், நுழைவு எண்ணிக்கைக்கான கட்டத்தில் 01 என்று இருக்கிறதா, 02 அல்லது MULT (பலமுறை) என்று இருக்கிறதா என்பதை நீங்களே பாருங்கள்.