காரின் அடியில் துரு: எஃப்.டி.யை உடைப்பதா, லோன் வாங்குவதா?

கேள்வி: சார், திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். 2011 நவம்பரில் பதிவான ஜெர்மன் டீசல் செடான் ஒன்றை 2017-ல் செகண்ட் ஹேண்டாக 14 லட்சத்துக்கு வாங்கினேன். வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். போன மாதம் பிரேக் பேட் மாற்ற லிஃப்ட்டில் ஏற்றியபோது மெக்கானிக் கூப்பிட்டுக் காட்டினார். அடிப்பாகம் முழுக்கத் துரு. இடது பக்கம் ஜாக்கி வைக்கும் இடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பின்பக்க சப்ஃபிரேம் (பின்சக்கரங்களின் சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டம்), பிரேக் பைப், கோட்டிங் எல்லாம் சேர்த்து 4.2 லட்சம் என்கிறார்கள். கிண்டியில் ஒரு பட்டறையில் வெட்டி எடுத்து வெல்டிங் வைக்க 1.65 லட்சம். புரோக்கர் ஒருவர் இப்படியே 3.25 லட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். சரிசெய்து கொடுத்தால் 4.5 லட்சம் வரை போகுமாம். கையில் 6 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. மகள் அடுத்த வருடம் கல்லூரியில் சேர வேண்டும். வங்கியில் 13 சதவீத வட்டிக்கு பர்சனல் லோன் தருகிறார்கள். எஃப்.டி.யை உடைக்கலாமா, லோன் வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் உங்களுக்கு ஒரு வேலை: முன்சீட்டுக்குக் கீழே இருக்கும் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளும், சீட் நகரும் தண்டவாளமும் துருப்பிடித்திருக்கின்றனவா?

நீங்கள் வண்டி வாங்கியது 2017-ல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை கார்கள் ஸ்டியரிங் மட்டத்துக்கு மூழ்கின என்று உங்களுக்கே தெரியும். அவற்றில் பல, கழுவித் துடைத்து சென்ட் அடித்து மறுபடி சந்தைக்கு வந்தன. கடல் காற்றால் வரும் துரு வண்டிக்கு அடியில்தான் இருக்கும். கார்பெட்டுக்குக் கீழேயும் துரு இருந்தால் தண்ணீர் உள்ளே நின்றிருக்கிறது என்று அர்த்தம். அப்படி என்றால் இன்று துரு, நாளை வயரிங், அடுத்த நாள் கண்ட்ரோல் யூனிட், அதாவது வண்டியின் எலக்ட்ரானிக் மூளை. அந்த வண்டியில் 1.65 லட்சம் அல்ல, 16,500 போடுவதும் வீண். மேலே படிக்காமல் புரோக்கருக்கு போன் போடுங்கள்.

கார்பெட்டுக்குக் கீழே சுத்தமாக இருக்கிறதா? சரி, தொடர்வோம்.

நல்ல கம்பெனி வண்டிக்குப் போய் துருப் பிடிக்குமா என்று வருத்தப்பட வேண்டாம். 1990-களின் பிற்பாதியில் வந்த மெர்சிடிஸ் இ-கிளாஸ், டபிள்யூ210 என்பார்கள், துருவுக்கே பேர்போனது. முன் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம் துருவேறி வெல்டிங்கோடு பெயர்ந்து வந்த கதைகள் உண்டு. ஐரோப்பாவில் பனி உருக சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். உங்களுக்கு அந்த வேலையை வங்கக்கடல் காசு வாங்காமல் செய்கிறது. மரத்தடியில் நிறுத்துகிறவர் என்றால் இன்னும் மோசம். வைப்பருக்குக் கீழே விழும் இலைச் சருகு தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடும். சில்லுக்குள், அதாவது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி மாதிரியான தகட்டுக்குள், நின்ற தண்ணீர் உள்ளிருந்தே தகட்டைத் தின்னும்.

பல வருடங்களுக்கு முன் என் பழைய காரை புதுப்பேட்டையில் ஒரு டிங்கரிடம் காட்டினேன். அடியில் பளபளவென்று கறுப்புக் கோட்டிங் இருந்தது, எனக்குப் பெருமை. அவர் ஒன்றும் பேசவில்லை. மரப்பிடி போட்ட பழைய ஸ்குரூ டிரைவரை எடுத்து சில்லில் ஒரு குத்து. பப்படத்தில் குத்தியது போல உள்ளே போய்விட்டது. இழுத்ததும் டீத்தூள் மாதிரி ஒரு கை துருவும், கூடவே கொஞ்சம் அழுக்குத் தண்ணீரும் அவர் முழங்கையில் வழிந்தன. அந்தக் கோட்டிங்கை முந்தைய வருடம் நான்தான் காசு கொடுத்து அடித்திருந்தேன். துரு மேல் தார் மாதிரியான கோட்டிங் அடித்தால், துருவும் ஈரமும் உள்ளே நிம்மதியாகக் குடித்தனம் நடத்தும். 4.2 லட்சம் எஸ்டிமேட்டில் ‘கோட்டிங்’ என்று ஒரு வரி இருக்கிறதே, துருவைச் சுரண்டி எடுத்து, பிரைமர் அடித்த பிறகா, அப்படியே மேலேயா என்று கேளுங்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். 4.2 லட்சத்தை 13 சதவீதத்தில் மூன்று வருட லோனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 14,150 ரூபாய். வட்டி மட்டும் 89,000-ஐத் தாண்டும். மொத்தம் 5 லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டு, இன்றைக்கே 4.5 லட்சம்தான் பெறும் ஒரு வண்டியை வைத்திருப்பீர்கள். மூன்று வருடம் கழித்து அதுவும் இருக்காது. இந்த வழியை மறந்துவிடுங்கள். விற்பதற்காகச் சரிசெய்வதும் கணக்குக்கு ஒத்துவராது: 1.65 லட்சம் போட்டு 1.25 லட்சம் கூடுதல் விலை. புரோக்கர் சொன்ன 4.5 நிஜமாகவே கிடைத்தால்தான் அதுவும். தில்லியில் 10 வருடத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்கு வந்த கட்டுப்பாட்டுக்குப் பிறகு அங்கிருந்து மலிவாக வண்டிகள் தெற்கே வரத் தொடங்கின. வாங்குகிறவருக்கு விலையைக் குறைத்துக் கேட்க அதுவும் ஒரு சாக்கு.

சரி, சரிசெய்து நாமே ஓட்டினால்? இன்று விற்றால் வரும் 3.25 லட்சத்தை விடுகிறீர்கள், ரிப்பேருக்கு 1.65 கொடுக்கிறீர்கள். ஆக வண்டியில் 4.9 லட்சம் போட்டிருக்கிறீர்கள். (2017-ல் கொடுத்த 14 லட்சத்தை இதில் கொண்டுவராதீர்கள். அது போன பணம்.) மூன்று வருடம் கழித்து 2 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். தேய்மானம் 2.9 லட்சம், வருடத்துக்கு சுமார் 97,000. சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் என்று வருடத்துக்கு 80,000 போடுங்கள். இந்த வகை வண்டிக்கு நான் தாராளமாகப் போடவில்லை. மொத்தம் வருடத்துக்கு 1.77 லட்சம். நீங்கள் ஓட்டுவது 5,000 கிலோமீட்டர். டீசல் போடாமலே கிலோமீட்டருக்கு 35 ரூபாய். கால் டாக்ஸியில் போனால்கூட இவ்வளவு வராது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைத்தால், துருவை அது தொடாது. இயல்பான தேய்மானம் என்று ஒதுக்கிவிடும். விபத்தில் அடிபட்டால்கூட 10 வருடம் தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்குப் பாதி விலைதான் கணக்கில் எடுப்பார்கள், மீதிப் பாதி உங்கள் பாக்கெட்டிலிருந்து. தவிர, வரும் நவம்பரில் உங்கள் ஆர்.சி.க்கு 15 வருடம் முடிகிறது. புதுப்பிக்கக் கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து வருடத்துக்குச் செல்லும்; கூடவே பசுமை வரி. கட்டணம் பெரிதில்லை. விரல் நுழையும் ஓட்டையோடு ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டும், அதுதான் தலைவலி. நவம்பர் நெருங்க நெருங்க புரோக்கரின் 3.25-ம் இறங்கும்.

ஆக என் யோசனை: இப்படியே விற்றுவிடுங்கள். புரோக்கர் ஒருவரோடு நிற்காமல் இன்னும் இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பாகத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் முதலிலேயே அனுப்பிவிடுங்கள். கறுப்பு கோட்டிங் அடித்து மறைத்தால் ஐம்பதாயிரம் கூடக் கிடைக்கலாம். அந்தப் பாவம் வேண்டாம். வாங்குகிறவர் வீட்டிலும் குழந்தைகள் பின்சீட்டில்தான் உட்காரும்.

இல்லை, அந்த வண்டி மேல் ஆசை, விடமாட்டேன் என்றால் தடுக்க மாட்டேன். ஆசைக்கும் ஒரு பட்ஜெட் போடலாம். ஆனால் அது மகளின் எஃப்.டி.யிலிருந்து வரக்கூடாது. பிரேக் பைப்பை மட்டும் உடனே மாற்றுங்கள், அதில் பேரமே கிடையாது. அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். ஓட்டையை பாடி புட்டி வைத்து அடைக்க விடாமல், துருவேறிய தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றினார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், கண்ட்ரோல் யூனிட் போனால் இந்தக் கணக்கெல்லாம் பொய். சப்ஃபிரேமில் மேலோட்டமான துரு என்றால் சுரண்டி பிரைமர் அடித்து மெழுகு கோட்டிங் போதும். அதுவும் ஓட்டை என்றால் பழைய பாகம் தேடலாம். கடலோர வண்டியில் கழற்றியதை வாங்காமல் கோவை, ஹைதராபாத் பக்கத்து வண்டியில் கழற்றியதா என்று கேட்டு வாங்குங்கள்.

விற்கும்போது ஒரு விஷயம். புரோக்கர், “ஃபார்மில் கையெழுத்து மட்டும் போடுங்க சார், பேர் மாத்துறதை நாங்க பார்த்துக்குறோம்” என்பார். விடாதீர்கள். ஆர்.சி. யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடிப்பாகம் பலவீனமான வண்டி, யாரோ ஓட்டி எங்கோ மோதினால் நஷ்டஈட்டு வழக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் ஆர்.டி.ஓ.வில் கொடுத்து, பேர் மாறியதை ஆன்லைனில் நீங்களே பார்க்கும் வரை விடாதீர்கள். அதுவரை பணத்தைப் பிடித்து வைக்க உங்களால் முடியாது, ஏனென்றால் பணம் தருகிறவர் அவர். அதனால் சாவியை நிறுத்தி வையுங்கள், இரண்டாவது சாவியை.